இயந்திரம், பிலிம், காத்திருப்பு

ரோல் மாட்டியதும் பார்க்க வேண்டிய குமிழ் ஒன்று உண்டு. மெக்கானிக்கல் பிலிம் கேமராவின் இடது தோளில் இருக்கும் ரீவைண்ட் குமிழ் அது. பிலிமின் நுனியை வலது பக்க உருளையின் பிளவில் செருகி, பின்மூடியைச் சாத்தி, லீவரைத் தள்ளும்போது அந்தக் குமிழும் கூடவே சுழல வேண்டும். சுழன்றால் உள்ளே பிலிம் நகர்கிறது. சுழலாவிட்டால் பிலிம் பிடிக்கவில்லை. ஆனாலும் ஷட்டர் வழக்கம்போல அடிக்கும். எத்தனை படம் எடுத்தோம் என்று காட்டும் எண்ணும் 36 வரை ஏறும்.

சித்தப்பா மகனின் காதுகுத்துக்குக் குலதெய்வம் கோயிலில் நான் எடுத்த ரோல் அப்படித்தான் போனது. தாய்மாமன் மடியில் குழந்தை வீறிட்டது, ஆசாரி கையில் தங்கக் கம்பி, பின்னால் பொங்கல் பானை. எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன் என்று நம்பினேன். மூன்று நாள் கழித்து ஸ்டுடியோவில் கழுவி நீட்டியபோது ரோல் முழுக்க ஆரஞ்சு நிற வெறுமை. சித்தி ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் இன்றும் எனக்கு வலிக்கிறது.

டிஜிட்டல் கேமராவில் இப்படி ஓர் இழப்பு நேர வாய்ப்பு மிகக் குறைவு. முதல் படத்திலேயே திரை காட்டிக்கொடுத்துவிடும். இந்த ஒரு காரணமே போதும், விவாதம் முடிந்துவிட்டது என்று பல வருடங்கள் நினைத்திருந்தேன். விவாதம் முடியவில்லை. உற்பத்தியை நிறுத்தியிருந்த எம்6 மாடலை லைக்கா 2022இல் மீண்டும் தயாரிக்கத் தொடங்கியது. 2024இல் பென்டாக்ஸ் புத்தம்புதிய பிலிம் கேமரா ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. தாத்தாவின் யாஷிகாவைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு ரோல் எங்கே கிடைக்கும் என்று கேட்டுவரும் கல்லூரிப் பிள்ளைகளை நானே பார்க்கிறேன்.

இரண்டையும் பல ஆண்டுகள் கையாண்டபின் எனக்குத் தெளிவான ஒன்றை இங்கே வைக்கிறேன். 'பிலிமா, டிஜிட்டலா' என்ற ஒரே கேள்விக்குள் மூன்று தனித்தனிக் கேள்விகள் பின்னிக்கிடக்கின்றன. கையில் பிடிக்கும் இயந்திரம் எப்படிப்பட்டது என்பது ஒன்று. ஒளி எதில் பதிகிறது என்பது இன்னொன்று. எடுப்பதற்கும் பார்ப்பதற்கும் நடுவே எவ்வளவு நேரம் என்பது மூன்றாவது. மூன்றையும் பிரித்துப் பார்த்தால் பாதிச் சண்டை கரைந்துவிடும். மீதிப் பாதிக்கு நேர்மையான விடை சொல்ல முடியும்.

பல்சக்கரமும் பேட்டரியும்

முதலில் இயந்திரம். நிக்கான் எஃப்எம்2 கேமரா 1982இல் வந்தது. ஒரு நொடியில் நாலாயிரத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் திறந்து மூடும் ஷட்டர் அதற்கு. அந்த வேகத்தைத் தருவது மின்சாரம் இல்லை, வில்சுருளும் பல்சக்கரங்களும்தான். உள்ளே இருக்கும் இரண்டு பொத்தான் பேட்டரிகள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு மட்டும். அவை தீர்ந்துபோனாலும் கேமரா நிற்காது. மீட்டர் இல்லாதபோது பழைய போட்டோகிராபர்கள் கைக்கொண்ட கணக்கு ஒன்று இருக்கிறது: நல்ல வெயிலில் லென்ஸின் திறப்பான அபெர்ச்சரை எஃப் 16இல் வை, ஷட்டரைப் பிலிமின் வேகத்துக்கு இணையாக வை. ஐஎஸ்ஓ 100 பிலிம் என்றால் வட்டில் அதற்கு நெருங்கிய 1/125. சித்திரை வெயிலில் இந்தக் கணக்கு என்னை ஏமாற்றியதில்லை.

இந்த வகைக் கேமராவில் முடிவுகள் எல்லாம் விரல் நுனியில் இருக்கின்றன. ஷட்டருக்கு ஒரு வட்டு, அபெர்ச்சருக்கு ஒரு வளையம், ஃபோகஸுக்கு இன்னொரு வளையம். கேமராவை அணைத்து வைத்திருக்கும்போதே எதில் எது நிற்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம். பென்டாக்ஸ் கே1000 மாடல் 1976இலிருந்து 1997 வரை பெரிய மாற்றம் எதுவும் இல்லாமல் விற்பனையில் இருந்தது. ஒளிப்படக் கல்லூரிகள் அதை மாணவர்கள் கையில் கொடுத்ததற்கு இந்தத் திறந்த தன்மைதான் காரணம்.

ஆனால் இந்த நன்மை பிலிமுக்கு உரியது என்று சொல்ல முடியாது. 1990களில் வந்த பிலிம் கேமராக்கள் பல, பேட்டரி இல்லாவிட்டால் வெறும் பெட்டி. மோட்டார்தான் ரோலைச் சுற்றும், மின்னணுதான் ஷட்டரைத் திறக்கும். மறுபுறம், நிக்கான் 2023இல் வெளியிட்ட இசட்எஃப், எஃப்எம்2வின் உருவத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, வட்டுகளோடு வந்த டிஜிட்டல் கேமரா. வட்டைத் திருகி எடுக்கும் சுகம் வேண்டும் என்பவருக்கு ரோல் கட்டாயம் இல்லை.

மெக்கானிக்கல் கேமராவுக்கு மட்டுமே உரிய வலிமை ஒன்று மிஞ்சுகிறது: பழுதுபார்த்துக்கொண்டே போகலாம். நாற்பது வயதான கேமராவைத் திறந்து, துடைத்து, எண்ணெயிட்டு, மறுபடி ஓடவிட முடிகிறது. என்னுடைய கேமராவைச் சரிசெய்து தந்த பெரியவர், "தம்பி, படம் எடுக்காட்டியும் பரவால்ல, வாரத்துக்கு ஒருவாட்டி எல்லா ஸ்பீடுலயும் ஷட்டரை அடிச்சு வைங்க. சும்மா கெடந்தா எண்ணெய் கட்டிப்போயி ஸ்லோ ஸ்பீடு இழுக்கும்" என்றார். அவர் சொன்னதை இன்றுவரை செய்கிறேன். இருபது வருடத்துக்கு முந்தைய டிஜிட்டல் கேமராவுக்கு இப்படி ஒரு வைத்தியம் இல்லை. பேட்டரி வருவதில்லை, எக்ஸ்டி, ஸ்மார்ட்மீடியா போன்ற கார்டுகள் வழக்கொழிந்தன, சர்க்யூட் போர்டு போனால் மாற்று கிடையாது. ஆனால் அந்தப் பெரியவருக்குப் பிறகு அவர் கடையில் உட்கார ஆள் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும், பின்மூடியின் ஸ்பாஞ்சு பிசினாக உருகி ஒளி கசியும். இயந்திரம் நீடிப்பதற்குக் கைத்திறன் உள்ள மனிதர்களும் நீடிக்க வேண்டும்.

வெள்ளியும் சிலிக்கானும்

இரண்டாவது கேள்வி, ஒளி பதியும் இடம். பிலிமில் ஜெலட்டின் பூச்சுக்குள் வெள்ளி உப்பின் நுண்ணிய படிகங்கள் சிதறிக்கிடக்கின்றன. ஒளி பட்ட படிகத்தில் சில அணு அளவுக்கு வெள்ளி பிரிந்து நிற்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த விதையை டெவலப்பர் முழுப் படிகமாக வளர்த்தெடுக்கிறது. டிஜிட்டலின் கதை 1969இல், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் சிசிடி என்ற கருவியைக் கண்டுபிடித்ததிலிருந்து தொடங்குகிறது. அதற்கான நோபல் பரிசு 2009இல் வந்தது. 1975இல் கோடாக் பொறியாளர் ஸ்டீவன் சாஸன் கட்டிய முதல் கையடக்க டிஜிட்டல் கேமரா நீளம் நூறு, அகலம் நூறு என்று பத்தாயிரம் புள்ளிகள் கொண்ட கருப்பு வெள்ளைப் படத்தை ஒரு கேசட்டில் பதிய 23 நொடி எடுத்துக்கொண்டது. அந்தக் கேமரா பிறந்த கோடாக் நிறுவனமே 2012இல் திவால் மனு கொடுக்க நேர்ந்தது.

இரண்டும் ஒளியை வாங்கும் விதம் வேறு. டிஜிட்டலில் ஒளியை வாங்கும் சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு குடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விழுகிற ஒளிக்கு ஏற்ப மின்னணுக்கள் நிரம்புகின்றன. குடம் தளும்பியபின் ஊற்றுவதெல்லாம் வீண். அந்த இடம் வெறும் வெள்ளை, பிறகு எந்த மென்பொருளாலும் அதில் ஒன்றையும் மீட்க முடியாது. ஆனால் குடத்தின் அடியில் ஒரு கை நீர் இருந்தாலும் அதை எடுத்துப் பெருக்கிக் காட்டும் திறமை சென்சாருக்கு உண்டு. நெகட்டிவ் பிலிம் இதற்கு நேர்மாறு. பெரிதும் சிறிதுமான படிகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிரம்புவதால் வெளிச்சப் பகுதி மெல்ல மெல்லத்தான் வெளுக்கும். ஒளி இரண்டு ஸ்டாப் கூடுதலாகப் போனாலும் பிரிண்டில் தேற்றிவிடலாம். நிழலில் விதையே விழவில்லை என்றால் வளர்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

இதைத் தஞ்சைப் பெரிய கோயிலில் நின்று சோதித்துப் பார்க்கலாம். நண்பகலில் திருச்சுற்று மாளிகையின் நிழலுக்குள் நின்றுகொண்டு, தூண்களுக்கு நடுவே வெயிலில் நிற்கும் விமானத்தை எடுங்கள். நெகட்டிவ் பிலிம் என்றால் நிழலிலுள்ள தூணுக்கு அளவெடுத்து எடுக்க வேண்டும். வெளியே உள்ள கல்லை பிலிம் தாங்கிக்கொள்ளும். டிஜிட்டல் என்றால் வெயிலில் உள்ள கல்லுக்கு அளவெடுக்க வேண்டும். தூணைப் பிறகு கணினியில் தூக்கிவிடலாம். ஒன்றின் விதியை மற்றொன்றில் பின்பற்றுபவர்கள்தான் 'பிலிம் இருட்டடிக்கிறது' என்றும் 'டிஜிட்டல் வெளுத்துவிடுகிறது' என்றும் குறை சொல்கிறார்கள்.

கூர்மை, வேகம் ஆகியவற்றில் தீர்ப்பு டிஜிட்டலுக்குத்தான். 35 மில்லிமீட்டர் பிலிமின் ஒரு படம் 24க்கு 36 மில்லிமீட்டர். அங்குலத்துக்கு 4000 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் சுமார் 2.1 கோடி பிக்சல் வரும். ஆனால் அந்தப் பிக்சல்களில் கணிசமானவை காட்சியின் நுணுக்கத்தைக் காட்டாமல் பிலிமின் மணிகளையே காட்டுகின்றன. கடையில் வாங்கும் ரோல்கள் ஐஎஸ்ஓ 3200 அளவோடு நின்றுவிடும். இன்றைய கேமராக்கள் 12800இல் எடுக்கும் படத்தைப் பத்திரிகையில் தயங்காமல் அச்சிடலாம். குத்துவிளக்கு வெளிச்சத்தில் கூத்து பார்க்கப் போகிறவர் எதை எடுத்துப் போக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

நிறத்தைப் பற்றிப் பேசும்போதுதான் ஏக்கம் கண்ணை மறைக்கிறது. பிலிமின் நிறம் இயற்கையானது, உண்மையானது என்று சொல்வதைக் கேட்கிறேன். பிலிமின் நிறத்தையும் வேதியியலாளர்கள் தேர்ந்தெடுத்தார்கள். யாருடைய முகத்தை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள் என்ற கேள்வி நமக்கு முக்கியம். கலர் லேப்களில் நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் வழங்கிய மாதிரிப் படத்துக்கு 'ஷெர்லி கார்டு' என்று பெயர். நெடுங்காலம் அதில் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கணக்கு. கருத்த முகங்கள் ஒளிப்படத்தில் சேறுபோல் இருண்டு போனதற்கு அந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு. பழைய கல்யாண ஆல்பங்களில் நம் பாட்டிமார்களின் முகம் பவுடர் அப்பி வெளிறியோ, அப்படியே கருத்தோ கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வருகிறது. டிஜிட்டலில் தோலின் நிறத்தை நாமே தீர்மானிக்கலாம். அந்த உரிமையை, முகத்தைத் தானாக வெளுக்கவைக்கும் செல்போன் 'பியூட்டி' வசதியிடம் ஒப்படைக்காமல் இருக்க வேண்டியது நம் பொறுப்பு.

ஏழரை நிமிடம்

மூன்றாவது கேள்வி, காத்திருப்பு. பிலிமை நேசிப்பவர்கள் பலர் உண்மையில் நேசிப்பது இதைத்தான் என்று நினைக்கிறேன். கருப்பு வெள்ளை ரோலை நான் வீட்டில்தான் கழுவுகிறேன். டி-76 டெவலப்பருக்கு 20 டிகிரி வெப்பம் வேண்டும். மே மாதத்தில் எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரே 30 டிகிரிக்கு மேல். வாளியில் ஐஸ்கட்டியைப் போட்டு, அதற்குள் மருந்துப் பாட்டிலை நிறுத்தி, தெர்மாமீட்டர் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். கறுப்புத் துணிப்பைக்குள் கையை விட்டு ரோலைச் சுருளில் ஏற்றும்போது கை வியர்த்தால் பிலிம் ஒட்டிக்கொண்டு நகராது. மருந்து ஊற்றியபின் ஏழரை நிமிடம். நிமிடத்துக்கு ஒருமுறை பத்து நொடி கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். பிறகு புளித்த வாடையோடு ஸ்டாப் பாத், அதன்பின் படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ. மூடியைத் திறந்து ஈரமான பிலிமை விளக்குக்கு எதிரே பிடிக்கும் அந்த நொடியில், இத்தனை வருடத்துக்குப் பிறகும் என் நெஞ்சு படபடக்கிறது.

இந்த அனுபவம் மெய். ஆனால் இதிலிருந்து 'பிலிம் நம்மைச் சிந்திக்க வைக்கிறது, டிஜிட்டல் கண்டபடி சுட வைக்கிறது' என்று முடிவுகட்டுவது சரியில்லை. அமெரிக்கத் தெருப் போட்டோகிராபர் கேரி வினோகிராண்ட் 1984இல் இறந்தபோது, எடுத்துவிட்டுக் கழுவாமலே விட்டுப்போன ரோல்கள் மட்டும் சுமார் 2500. பிலிமும் அவரை நிறுத்தவில்லை. மறுபுறம், பின்பக்கத் திரையே இல்லாத டிஜிட்டல் கேமரா ஒன்றை லைக்கா 2016இல் வெளியிட்டது. எடுத்ததை வீட்டுக்குப் போய்த்தான் பார்க்க முடியும். காத்திருப்பு என்பது ஒரு பழக்கம். திரையை அணைத்துவிட்டு, இன்றைக்கு 36 படம்தான் என்று முடிவுசெய்துகொண்டால் எந்தக் கேமராவிலும் அது கிடைக்கும்.

கற்றுக்கொள்பவருக்குக் காத்திருப்பு நல்லதா? இதில் என் பதில் பலருக்கு உவப்பாக இருக்காது. தவறுக்கும் அதை அறிவதற்கும் நடுவே ஒரு வாரம் இருந்தால், எந்த அபெர்ச்சரில் எடுத்தோம் என்பதே மறந்துவிடும். அந்தக் காலத்தில் குறிப்பேட்டில் ஒவ்வொரு படத்துக்கும் எண் போட்டு எழுதிவைத்தோம். எழுதாதவர்கள் கற்கவும் இல்லை. டிஜிட்டல் அந்தக் குறிப்பைப் படத்துக்குள்ளேயே எழுதிவைக்கிறது. ஒளியின் அளவைப் படிக்க டிஜிட்டல் நல்ல வாத்தியார். அந்த அளவு கையோடு ஒட்டிய பிறகு, எதை எடுப்பது, எதை விடுவது என்று படிக்க 36 படத்தின் கட்டுப்பாடு நல்ல வாத்தியார்.

பிலிமிலேயே ஊறிய பெரியவர்கள் இந்த மாற்றத்தை எப்படி எதிர்கொண்டார்கள் என்பதும் பாடம்தான். 1984இல் போபால் நச்சுவாயுப் பேரழிவைப் பிலிமில் பதிந்த ரகு ராய், 2003 வாக்கில் டிஜிட்டலுக்கு மாறியபின் பிலிமுக்குத் திரும்பவில்லை. பிரேசிலின் செபாஸ்தியோ சால்காதோ 'ஜெனிசிஸ்' தொடருக்காக உலகெங்கும் பயணம் செய்தபோது, விமான நிலைய எக்ஸ்ரே கருவிகள் ரோலைக் கெடுப்பது பொறுக்காமல் 2008இல் நடுவழியிலேயே டிஜிட்டலுக்கு மாறினார். ஆனால் படங்களைத் தேர்ந்தெடுக்கக் கணினித் திரையை நாடாமல் பழையபடி சிறு படங்களாகக் கான்டாக்ட் பிரிண்ட் போட்டு வைத்துக்கொண்டார். டிஜிட்டல் கோப்புகளிலிருந்து நெகட்டிவும் தயாரித்துக்கொண்டார். கருவியை மாற்றினார், தன் பார்க்கும் முறையை மாற்றவில்லை.

அறுந்துபோகும் சங்கிலி

கேமரா தனியாக நிற்பதில்லை. அதன் பின்னால் தொழிற்சாலை, மருந்து, லேப், கடை என்று ஒரு சங்கிலி இருக்கிறது. போட்டோகிராபர் ஸ்டீவ் மக்கரி 1984இல் பெஷாவர் அருகே அகதி முகாமில் எடுத்த பச்சைக் கண் ஆப்கான் சிறுமியின் படம் உலகறிந்தது. எடுத்த கேமரா எஃப்எம்2, பிலிம் கோடாக்ரோம். அந்தக் கேமரா மாடல் இன்றும் பலர் கையில் ஓடுகிறது. கோடாக்ரோமின் உற்பத்தி 2009இல் நிறுத்தப்பட்டது. அதைக் கழுவிய கடைசி லேப், அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் பார்சன்ஸ் என்ற ஊரில், 2010 டிசம்பரோடு புதிய ரோல்களை வாங்குவதை நிறுத்திக்கொண்டது. இனி ஒரு கோடாக்ரோம் ரோல் எங்காவது அகப்பட்டாலும் அதன் நிறங்களைக் கொண்டுவர எந்த லேபும் இல்லை. இயந்திரம் உயிரோடு இருக்க, பிலிம் செத்துப்போனது.

நமக்கு இந்த வலி இன்னும் பக்கத்தில் இருக்கிறது. உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம், 'இந்து' என்ற பெயரில் பிலிமும் பிரிண்ட் காகிதமும் எக்ஸ்ரே பிலிமும் தயாரித்தது. பிலிம் பூச்சுக்குத் தூசி ஆகாது, வெக்கை ஆகாது; நீலகிரியின் குளிரும் காற்றும் அதற்குத் தோதாக இருந்தன. ஆலை நலிந்து, கடைசியில் மூடப்பட்டது. இந்து நகர் என்ற ஊர்ப்பெயர் மிஞ்சியிருக்கிறது. இன்று நாம் வாங்கும் ரோல்கள் இறக்குமதி. ஒரு கலர் ரோலை வாங்கிக் கழுவி ஸ்கேன் செய்யும் செலவு ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடுகிறது; ஒரு கிளிக்குக்கு முப்பது ரூபாய்க்குக் குறையாது. பிலிமில் கற்றுக்கொள் என்று ஓர் ஏழைப் பிள்ளையிடம் சொல்லும் முன் இந்தக் கணக்கை நினைத்துப் பார்க்க வேண்டும்.

டிஜிட்டல் சங்கிலியும் உறுதியானது என்று நம்பிவிடக் கூடாது. உலக அளவில் கடைகளுக்கு அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் 2010இல் 12 கோடிக்கு மேல். 2023இல் 80 லட்சத்துக்கும் கீழே. செல்போன் வந்து விழுங்கியது. பிலிமுக்கு நேர்ந்த சரிவு டிஜிட்டல் கேமராவுக்கும் நேர்ந்தது.

யார் எழுதிவைத்தார்கள்?

கடைசியாக, எடுத்த படம் எவ்வளவு காலம் நிற்கும்? 1897இல் சுவீடனின் ஆந்த்ரே குழுவினர் மூவர் பலூனில் வடதுருவத்துக்குப் புறப்பட்டு மாண்டுபோனார்கள். 33 ஆண்டுகள் கழித்து, 1930இல், ஆர்க்டிக் தீவு ஒன்றில் அவர்களது உடல்களோடு பிலிமும் கிடைத்தது. பனியில் கிடந்த அந்தப் பிலிமிலிருந்து 93 படங்களை மீட்டார்கள். பனிமேல் விழுந்து கிடக்கும் பலூனை நாம் இன்று பார்க்க முடிகிறது. யாரும் பார்த்துக்கொள்ளாமலே ஒரு படம் காத்திருக்கும் என்றால் அது வெள்ளியின் வலிமை.

ஆனால் அது ஆர்க்டிக். நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் அசிடேட் பிலிம் மெல்லச் சிதைந்து வினிகர் வாடை அடிக்கத் தொடங்கும். கலர் நெகட்டிவின் சாயம் மங்கும். ஹைப்போ சரியாகக் கழுவப்படாத பிரிண்ட் பழுப்பேறும். டிஜிட்டல் கோப்பு மங்குவதில்லை. இருந்தால் முழுதாக இருக்கும், போனால் முழுதாகப் போகும். ஹார்டு டிஸ்க் ஒருநாள் சத்தமில்லாமல் நின்றுவிடும். இரண்டு மூன்று இடங்களில் நகலெடுத்து, ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை புதிய கருவிக்கு மாற்றும் ஆள் வீட்டில் ஒருவர் இருந்தால் டிஜிட்டல் என்றைக்கும் நிற்கும். நெகட்டிவ் மறதியைத் தாங்கும். கோப்பு வெப்பத்தைத் தாங்கும். உங்கள் வீட்டில் எது அதிகம் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

ஆகவே என் முடிவு இது. திரும்ப நடக்காத நிகழ்வுக்கு, இருட்டுக்கு, செய்திக்கு, கற்றலின் தொடக்கத்துக்கு டிஜிட்டல். நிதானமாகத் தெரிவுசெய்து எடுக்கும் கருப்பு வெள்ளைக்கு, கழுவிப் பிரிண்ட் போடும் கைவேலைக்கு, பழுதுபார்த்துப் பேரனுக்குக் கொடுக்கும் இயந்திரத்துக்குப் பிலிம். காதுகுத்துக்கு இனி நான் ரோலை நம்பிப் போகமாட்டேன். மழைக்காலத்து வைகைக் கரையை எடுக்க டிஜிட்டலைத் தேடவும் மாட்டேன்.

இரண்டாலும் முடியாத ஒன்று உண்டு. அப்பா தன் ஆக்ஃபா க்ளிக் 3 கேமராவில் எடுத்த சதுர நெகட்டிவ்கள் சில என்னிடம் இருக்கின்றன. ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். தலைகீழான உலகம்: கூந்தல் வெள்ளையாக, முகம் கருப்பாக, நெற்றிப் பொட்டு ஒளிப்புள்ளியாக. பிரிண்ட் போட்டதும் ஒரு பெண் துலங்கினாள். ஐம்பது வருடமாகியும் கண்ணிமை வரை கூர்மை. யார் என்று தெரியவில்லை. அத்தை இருந்திருந்தால் சொல்லியிருப்பார். டிஜிட்டல் கேமரா எடுத்த நேரத்தை நொடி பிசகாமல் எழுதிவைக்கும். இந்தப் பெண் யாருக்கு என்ன முறை என்பதை அதுவும் எழுதாது.

அன்றிலிருந்து எந்தக் கேமராவில் எடுத்தாலும், வருடத்துக்கு ஐம்பது படங்களையாவது பிரிண்ட் போடுகிறேன். ஒவ்வொன்றின் பின்பக்கமும் நாள், ஊர், பெயர், உறவுமுறை எழுதுகிறேன். காதுகுத்தில் அழுத பையனுக்கு இப்போது கல்யாணமாகிவிட்டது. அவன் மகளுக்குக் காது குத்திய படத்தின் பின்னால், அன்று படம் இல்லாமல் போன அவன் காதுகுத்தின் தேதியையும் சேர்த்து எழுதிக் கொடுத்தேன். சித்தி அதை வாங்கி, பின்பக்கத்தைத்தான் முதலில் படித்தார்.